பாலத்துக்கு மேலே எண்ணெய் வரவில்லை

உட்காருங்கம்மா, இந்த இடம் காலிதான். பையை நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு எத்தனையாவது நம்பர் கொடுத்தார்கள்? எனக்கு அறுபத்தி மூன்று. இப்போதுதான் நாற்பதோ என்னவோ கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை என்றால் இந்தக் கலெக்டர் ஆபீசில் இப்படித்தானாம், ஜில்லாவே மனுவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்குமாம்.

அதோ, தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு நம்மையே பார்க்கிறானே, தெரிகிறதா? அவன் பேர் முனிரத்தினம். என் கூடப்பிறந்த தம்பி. அவனை ஜெயிலில் தள்ளத்தான் நான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

சிரிக்காதீங்க. நிஜமாகத்தான் சொல்கிறேன். காலையில் நான் பஸ் ஏறினேன், அவனும் ஏறினான். பின்னாடி சீட்டில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க "யக்கா, யக்கா" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். நான் திரும்பவே இல்லை. இங்கே இறங்கியதும் எனக்கும் ஒரு டீ வாங்கி நீட்டினான். தரையில் ஊற்றினேன். அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஊற்றினேன்.

கேளுங்க. நீங்கள் கேட்டால்தான் எனக்கும் உள்ளே போய் ஒழுங்காகச் சொல்ல வரும். என் பேர் கோவிந்தம்மா. நாங்கள் இருளர் ஜனங்கள், ஆற்றோரம் பதினோரு வீடு. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்புத் தண்ணீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்போம். இரண்டு கையும் சேற்றில் இருந்தால் பிடித்ததை எங்கே போடுவது? அதற்குத்தான் பறி. பனையோலையில் பின்னினது, குடுவை மாதிரி இருக்கும். அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வோம். கையில் இறால் சிக்கியதும் நேராகத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து போட்டுவிடுவோம். தண்ணீரில் இருக்கும் மட்டும் பேச்சே கிடையாது. என் புருஷன் இருந்தபோது சொல்வார், "ஒன் வாய் மூடி நான் பாக்குறது ஆத்துல மட்டுந்தான்டி" என்று.

அதனால்தான் எண்ணெய் வந்தது முதலில் என் நாக்குக்குத் தெரிந்தது. ஆமாம், கண்ணுக்கு முன்னாடி நாக்குக்கு. அந்தப் பெருமழை பெய்து வெள்ளம் வந்ததே, அப்போது முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற கம்பெனியிலிருந்து எண்ணெய் ஓடி வந்துவிட்டது. உடைந்ததோ, திறந்துவிட்டார்களோ, அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். கடல் ஏறும்போது ஆறு பின்னாலே நடக்கும். அப்படி நடந்து நடந்து, ரயில் பாலத்தைத் தாண்டி, எங்கள் பக்கம் வந்துவிட்டது. விடிகாலையில் பறியைக் கடித்தேன், வாயெல்லாம் தார் வாடை. துப்பினேன். எச்சில் கறுப்பாக விழுந்தது. விடிந்த பிறகு பார்த்தால் ஆறு முழுக்க, மயில் கழுத்து மாதிரி மினுங்கிக்கொண்டு, கரையில் கெட்டியாகக் கறுப்பு.

எல்லார் கையும் காலும் கறுத்துப்போனது. சோப்புக்கு அசையவில்லை. படகுக்காரர்களிடம் கிருஷ்ணாயில், அதாம்மா மண்ணெண்ணெய், வாங்கித் துணியில் தொட்டுத் துடைத்தோம். அதற்குத்தான் போனது. எரியும்தான். எனக்குப் புறங்கையில் தோல் உரிந்தது. ஆனால் அழுக்குப் போய்விடும், பளிச்சென்று போய்விடும்.

கம்பெனி சுத்தம் செய்ய ஆள் எடுத்தது. தம்பி ரத்தினம் மேஸ்திரி ஆனான். கையில் பன்னிரண்டு ஆள், பக்கெட்டு, மக்கு, சாக்கு. முகத்துவாரத்திலிருந்து மொண்டுகொண்டே மேலே வந்தார்கள். "போடா, ஊரே வேலை கேட்டுப் போவுது, நீ மேஸ்திரி வேலையா கேளு, எங்க வூட்டு மாப்பிள்ளையையும் சேத்துக்கோ" என்று அவனை அனுப்பினதே நான்தான். அது வேற கதை.

பாலம் வரைக்கும் வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து ஆபீசர் வந்தார்.

நான் ஆற்றில் இருந்தேன். ஏன் இறங்கினாய் என்று கேட்காதீங்க. மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. எண்ணெய் குறைவாகத் தெரிந்த இடமாகப் பார்த்து இறங்கினேன். கிடைத்தது கொஞ்சம்தான். அதிலும் வெள்ளையாகத் தெரிந்ததைப் பொறுக்கிச் சந்தைக்கு அனுப்பினேன். அதுவும் வேற கதை.

கரையில் நடந்தது எனக்குக் கேட்கவில்லை. எதிர்வீட்டுச் சரசு அங்கே நின்றிருந்தாள், அவள்தான் பிறகு எழுத்து பிசகாமல் சொன்னாள். ஆபீசர் கேட்டாராம், "பாலத்துக்கு மேல எண்ணெய் போயிருக்காப்பா?" என்று. என் தம்பி சொன்னானாம், "இல்ல சார். வந்திருந்தா ஜனங்க தண்ணியில எறங்குமா? அதோ எறா தடவுது பாருங்க, அது எங்க சொந்த அக்கா" என்று. சொல்லிவிட்டு, "யக்கோவ்!" என்று ஒரு கூப்பாடு போட்டான். அதுதான் எனக்குக் கேட்டது.

வாயில் பறி. பல்லைத் திறந்தால் பறி போய்விடும். கூடப்பிறந்தவன் கூப்பிடுகிறான், என்ன செய்வேன்? கையைத் தூக்கி ஆட்டினேன். ஆபீசரும் ஆட்டினார். யாரோ போட்டோ பிடித்தார்கள். நான் இன்னொரு தடவை ஆட்டினேன்.

மறுநாள் பக்கெட்டு எல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. பாலத்துக்கு மேலே எண்ணெய் வரவில்லை, ஜனங்கள் வழக்கம்போல் தொழில் செய்கிறார்கள் என்று ரிப்போர்ட் எழுதிப் படமும் போட்டுவிட்டார்களாம். படத்தில் யார்? நான்!

நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"இன்னாடா சொன்ன ஆபீசர்கிட்ட?"

"யக்கா, மேலயும் கீதுன்னு சொன்னா பெரிய மிஷினு வேணுமாம். வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். பன்னெண்டு பேரு சோறு போயிடும்க்கா. ஒன் மருமவனுந்தான் அதுல கீறான்."

"அதுக்கு என் கைதான் கெடச்சுதா ஒனக்கு?"

அப்போது சொன்னான் பாருங்க. தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். "நான் சும்மா கூப்ட்டேன். நீதான ஆட்டுன?"

நீதானே ஆட்டினாய். இந்த மூன்று மாசமாக எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் அந்த ஒரு சொல்லால்தான். அவன் திருடியிருந்தால் பொறுத்திருப்பேன். அடித்திருந்தால் பொறுத்திருப்பேன். என்னை வைத்தே என் ஆற்றைக் கொன்றுவிட்டு, நீதானே ஆட்டினாய் என்கிறான்.

நானும் சும்மா இருக்கவில்லை. விடியும் முன்னே எழுந்து, மேலாற்றுச் சேற்றை ஒரு சட்டி வாரிக்கொண்டு போய், அவன் வாசலில் தெளிப்பேன். அவன் பெண்டாட்டி அமுதா சாணி தெளிக்கிற இடத்தில், கறுப்பாக, கொழகொழவென்று. "மேல எண்ணெய் இல்லியே, அப்ப இது இன்னாடா?" என்று தெருக் கேட்கக் கத்துவேன். ஒருநாள், இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது நாள். அமுதா கிருஷ்ணாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவுவாள். அவளுக்கு இரண்டு உள்ளங்கையும் வெந்து, குழந்தையைத் தூக்க முடியாமல் போனதாம். அதற்கு நான் என்ன செய்ய? கட்டினவனைக் கேட்கட்டும்.

இப்போது விராலடிப்பான் கதைக்கு வருகிறேன். மனு அதற்குத்தான்.

பார்த்திருக்கிறீர்களா? பருந்து ஜாதிதான், ஆனால் வயிறு வெள்ளை. கண்ணோரம் மை தீட்டின மாதிரி ஒரு பட்டை. ஐப்பசி மழையோடு வரும், மாசி தாண்டினால் போய்விடும். எங்கேயோ பனி உறையும் தேசத்திலிருந்து வருகிறது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார்கள். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் பக்கம் ஆற்று வளைவில் ஒரு பட்டமரக் கழி நிற்கிறது, அது அதனுடைய இடம். மற்றப் பருந்து மாதிரி குடல் பொறுக்காது, செத்ததைத் தொடாது. மேலே நின்றபடி சிறகடித்துப் பார்க்கும். பார்த்து, இரண்டு காலையும் முன்னாலே நீட்டிக்கொண்டு தொபீரென்று தண்ணீரில் விழும். ஆள் முழுக முழுகும். எழும்பும்போது காலில் மடவை மீன் துடிக்கும். ஆகாயத்திலேயே ஒரு உதறு உதறி, மீன் தலை முன்னாலே இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு போகும். அது எங்கே விழுகிறதோ, மறுநாள் நாங்கள் அங்கே தடவுவோம். அதுவும் எங்களை மாதிரிதான், வலையும் கிடையாது, படகும் கிடையாது.

வெள்ளத்துக்குப் பிறகு கண்ணில் படாமல் இருந்தது, போன வாரம்தான் கழிக்குத் திரும்பி வந்தது. அதற்கு யார் போய்ச் சொல்வது, பாலத்துக்கு மேலே எண்ணெய் என்று? விழுந்தது. முதல் தடவை எழும்பியபோது வயிறு பழுப்பு. நாளெல்லாம் கழியில் உட்கார்ந்து அலகால் ஒவ்வொரு இறகாக இழுத்து இழுத்துச் சுத்தம் செய்தது. நாளெல்லாம், வேறு வேலையே இல்லாமல். மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள், போன வியாழக்கிழமை, விழுந்தது எழும்பவில்லை. சிறகைத் துடுப்பு மாதிரி போட்டுப் போட்டு நீந்தி வந்து கரைச் சேற்றில் கிடந்தது. மூன்று மாசத்துக்குப் பிறகும் அந்த வளைவில் எண்ணெய் அப்படியே தேங்கி நிற்கிறது என்றால் பாருங்க.

நான் ஈரச் சாக்கைப் போட்டுப் பிடித்தேன். இதோ பாருங்க, இந்தக் கட்டைவிரல் பக்கம் நகம் ஏறி அந்தப் பக்கம் வந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. ஏன் தெரியுமா? சந்தோஷம். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷம். மாட்டினான்டா ரத்தினம் என்று நினைத்தேன். பாலத்துக்கு மேலே எண்ணெய் வரவில்லையா? இதோ சாட்சி. இதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்ட வைக்க முடியாது. இதன் வாயில் பறி கிடையாது.

சரசு ஓடி வந்து பார்த்தாள். "யக்கா, அப்படியே பெட்டியில போட்டு இன்னைக்கே கொண்டு போய்க் காட்டு. கறுப்பா இருந்தாத்தான சாட்சி?" என்றாள்.

"போடி, பெரிய ஆபீசர் முன்னால சாட்சிய அழுக்கோடவா நிறுத்துவாங்க?" என்றேன்.

கல்யாணத்துக்குப் பெண்ணைத் தயார் செய்கிற மாதிரி செய்தேனம்மா. படகுக்காரரிடம் கெஞ்சி ஒரு பாட்டில் கிருஷ்ணாயில் வாங்கி வந்தேன். வீட்டில் இருந்த நல்ல பருத்திச் சேலையைக் கிழித்தேன். சரசு காலைப் பிடித்துக்கொண்டாள். நான் வயிறு, சிறகு, அக்குள், கழுத்து என்று ஒரு இடம் விடாமல் ஊறவைத்துத் துடைத்தேன். கறுப்பு கறுப்பாக வந்தது. வர வர உள்ளே வெள்ளை தெரிந்தது. மஞ்சள் கண்ணால் என்னையே பார்த்தது. நான் துடைக்கத் துடைக்க வாயைத் திறந்து திறந்து மூடியது. தாகம் போல இருக்கிறது என்று தண்ணீர் விட்டேன். வெயிலில் கட்டிப்போட்டுக் காயவைத்தேன். உயிர் மடவையாகத் தேடிப் பிடித்து வந்து முன்னால் போட்டேன், பார்க்கக்கூட இல்லை. வாயைப் பிளந்து திணித்தேன். பாதியைக் கக்கிவிட்டது. சாயங்காலம் வாடை போகவில்லை என்று இன்னொரு தடவை துடைத்தேன்.

ரத்தினம் வந்து வாசலில் நின்றான். "யக்கா, அத்த எங்கனா வுட்டுடு. நம்ம ஜனம் கையில ஒரு காடை இருந்தாலே வேட்டைன்னு கேசு போடுறான். இது பருந்து. ஒன்னியத்தான் உள்ள வைப்பான்" என்றான்.

"பயமாடா?" என்று கேட்டேன்.

"ஒனக்காகத்தான் பயம்."

"எனக்காகப் பயந்தவன் அன்னைக்கு எங்கடா போன?"

வெள்ளிக்கிழமை முழுக்கப் பறவை நடுங்கிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை விடியலில் பார்த்தேன், சாய்ந்துவிட்டது. எனக்கு அழுகையா வந்தது? ஆத்திரம்தான் வந்தது. கொன்னுட்டியேடா பாவி, கொன்னுட்டியே என்று அவன் வீட்டைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினேன். அப்படியே மீன் பெட்டியில் ஐஸ் போட்டு மூடி, டவுன் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. அறுத்துப் பார்த்தார்கள். எங்கே கிடந்தது, எந்த வளைவு, பாலத்துக்கு எவ்வளவு தூரம், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அப்புறம், "யாரும்மா இதுக்குக் கிருஷ்ணாயில் போட்டது?" என்றார்கள். "நான்தாம்மா! ரெண்டு தரம் தொடச்சேன்" என்றேன். பேனாவைக் கீழே வைத்தார்கள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு பறவைக்கு அழுகிற டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேப்பரைக் கொடுத்துவிட்டு, "உக்காருங்கம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றார்கள். எனக்குக் கடைசி பஸ் போய்விடும். அப்புறம் வரேம்மா என்று ஓடி வந்துவிட்டேன்.

இதோ அந்தப் பேப்பர். கவரில் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டு தாள். இங்கிலீஷில் இருக்கிறது. நீங்கள் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள், படித்தவங்க மாதிரி தெரிகிறது. சத்தமாகப் படித்து எனக்குத் தமிழில் சொல்லுங்க. அந்தப் பச்சைச் சட்டைக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்க.

ம்.

ம்... வயிற்றுக்குள்ளே கறுப்பு எண்ணெய். இறகைக் கோதும்போது விழுங்கியது. தொண்டையில் பாதி மீன், அந்த மீனிலும் எண்ணெய். பாலத்துக்கு மேலே வளைவில் எடுத்தது. இடத்துப் பேர் போட்டு எழுதியிருக்கிறதா? டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்கிறதா? போதும்மா, போதும். என் வயிறு குளிர்ந்தது. டேய் ரத்தினம், கேட்டுச்சா?

இரண்டாவது தாள் படிங்க.

ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க.

கிருஷ்ணாயிலா? கிருஷ்ணாயில் என்றா எழுதியிருக்கிறது? சரி, நான் துடைத்தேன் என்று எழுதியிருப்பார்கள். நல்லதுதானே... என்ன சொல்றீங்க? தோல் வெந்து... நெஞ்சுக்குள்ளே புகை ஏறி... மெதுவாகச் சொல்லுங்கம்மா. அவனுக்குக் கேட்க வேண்டாம்.

எண்ணெய் மட்டும் என்றால் பிழைத்திருக்குமா? பிழைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறதா, இல்லை நீங்கள் சொல்கிறீர்களா? எழுதியிருக்கிறதா.

தாகம் என்று நினைத்தேனே.

கொஞ்சம் இருங்க. ஒன்றும் இல்லை, தண்ணீர் எல்லாம் வேண்டாம். ஊறவைத்துத் துடைத்தேன். அமுதா கை வெந்தது என்றபோதுகூட எனக்கு... என் கை தோலே உரிந்ததே. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறகு போட்டிருந்தால் தோல் இல்லை என்று நினைத்துவிட்டேனோ என்னவோ.

என்ன சொல்றீங்க? இரண்டாவது தாளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, முதல் தாளை மட்டும் கொடுக்கலாமா? யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. எனக்காகச் சொல்கிறீர்கள். தெரிகிறது.

ஆனால் அது நடக்காதம்மா. அவன் என் கையைக் காட்டினான், என் வாயில் பறி இருந்ததை மறைத்தான். நானும் ஒரு தாளைக் காட்டி ஒரு தாளை மறைத்தால், அவன் நாளைக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பான். கம்பெனிக்காரன் எங்கிருந்தாவது இந்தத் தாளைத் தோண்டி எடுத்துக்கொண்டு வருவான், கிழவிதான் கொன்றாள், எண்ணெயாவது கிண்ணெயாவது என்பான். பக்கத்தில் நின்றுகொண்டு இவன் தலையைச் சொறிவான். அந்த வழியை நான் அவனுக்கு விடமாட்டேன். ஒரு இம்மி விடமாட்டேன். எனக்குக் கேசு என்றால் போடட்டும். வேட்டை என்று எழுதினால் எழுதட்டும். எண்ணெய் வந்தது என்பது அதோடு சேர்ந்து எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். மிஷின் பாலத்தைத் தாண்டி வரவேண்டும். நான் உள்ளே போய்த்தான் அது வரும் என்றால், போகிறேன். ஆனால் தனியாகப் போகமாட்டேன்.

எத்தனை கூப்பிட்டார்கள்? அறுபத்தி இரண்டா? அப்படியென்றால் அடுத்தது நான்தான். கவரில் போடுங்க. ஆமாம், இரண்டு தாளும். ஊசி குத்தி ஒன்றாகச் சேர்த்துவிடுங்க, உங்கள் பையில் குண்டூசி இருந்தால். வரிசை மாறாமல்.

டேய் ரத்தினம்! இங்க வாடா. டீய வெச்சுட்டு வா. இன்னா முழிக்கிற? மூணு மாசமா உங்கிட்ட சண்டையத் தவிர பேசாதவ கூப்பிடுறேன், வா. சட்டையச் சரி பண்ணிக்கோ, பெரிய ஆபீசரு. மொதத் தாளுக்கு நீ பதில் சொல்லு. ரெண்டாவது தாளுக்கு நான் சொல்றேன்.